தோளுக்குப் போட்ட ஊசி

மார்ச் 9

மரியாதைக்குரிய டாக்டர் அம்மாவுக்கு,

உங்கள் தையலம்மா எழுதிக்கொள்வது. சௌக்கியம் என்று ஆரம்பிக்கத்தான் ஆசை. வலது தோள் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது. அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

நீங்கள் தலைமை அலுவலகத்துக்கு மாற்றலாகிப் போய் நான்கு மாதம் முடிந்துவிட்டது. கிளம்பிய அன்று, "மாசம் ஒரு லெட்டர் போடுங்க. நேர்ல உட்கார்ந்தா பாதியை முழுங்கிடுவீங்க, எழுதினா எல்லாம் வரும்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். கோபத்தில் இத்தனை நாள் எழுதவில்லை. பதினாறு வருஷம் அந்த நாற்காலியில் உங்களையே பார்த்துப் பழகியவர்கள் நாங்கள். ஒரு திங்கட்கிழமை போனால் வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறார். எப்படி இருக்கும் சொல்லுங்கள்? இப்போது கோபம் கொஞ்சம் ஆறியிருக்கிறது. முழுசாக ஆறவில்லை.

பதில் போட்டால் தையல் கடை முகவரிக்கே போடுங்கள். உறையில் ஆபீஸ் முத்திரை வேண்டாம். எனக்கு எச்.ஐ.வி. இருப்பது மருமகளுக்கு இன்னும் தெரியாது. மகனுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். என்னிடம் சத்தியம் செய்திருப்பதால் பெண்டாட்டியிடமும் வாயைத் திறக்காமல் இருக்கிறான். வீட்டுப் போனை அவள்தான் முதலில் எடுப்பாள். கடை முதலாளியிடம், எனக்கு ஒரு அக்கா இருக்கிறார், ஓயாமல் கடிதம் எழுதுவார் என்று சொல்லிவைத்திருக்கிறேன். ஆக, இன்றிலிருந்து நீங்கள் என் அக்கா.

உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் சின்ன டாக்டருக்கு முப்பது வயது இருக்கும். அவசரப் பிரிவில் இருந்தவராம். நான்கு நாள் பயிற்சி கொடுத்து இங்கே அனுப்பிவிட்டார்கள் என்று சிஸ்டர் சொன்னார். கெட்டவர் கிடையாது. குரலை உயர்த்த மாட்டார். ஆனால் கண் எப்போதும் கம்ப்யூட்டரில்தான். எடை என்ன, வைரஸ் அளவு என்ன, மாத்திரை எத்தனை மிச்சம் என்று மூன்றையும் தட்டிவிட்டு "நெக்ஸ்ட்" என்பார். வெளியே பெஞ்சில் அவருக்கு 'நெக்ஸ்ட் டாக்டர்' என்றே பெயர் விழுந்துவிட்டது. போட்டுக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு நாளைக்கு எண்பது பேர். அவரும்தான் என்ன செய்வார்?

நீங்கள் என்றால் முதலில் முகத்தைப் பார்ப்பீர்கள். அப்புறம் நகத்தை. அப்புறம் அந்த நச்சரிப்புக் கேள்வி வரும்: "வேற எங்கயாவது காட்டினீங்களா? ஊசி, ஸ்ப்ரே, களிம்பு, ஏதாவது?" எத்தனை தடவை சலித்துக்கொண்டு இல்லை என்றிருப்பேன்! இப்போது கேட்க ஆளில்லை.

தோள் விஷயத்துக்கு வருகிறேன். பள்ளிச் சீருடை ஆர்டர் வந்து ஆறு வாரம் மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. வலது கை மேலே போகவே மறுத்துவிட்டது. தலை வாரக்கூட முடியவில்லை. எலும்பு டாக்டரிடம் போனேன். தோள் இறுகிப்போயிருக்கிறது, மூட்டுக்குள் ஒரு ஊசி போட்டால் இளகும் என்றார். அவரிடம் என் நோயைச் சொல்லவில்லை. அடுத்த நாற்காலியில் எங்கள் தெருக்காரர் உட்கார்ந்திருந்தார். ஆனால் ஊசிக்கு முன்னால் சின்ன டாக்டரிடம் கேட்டேன். "போட்டுக்கோங்க, ஒண்ணும் ஆகாது" என்றார். போட்டுக்கொண்டேன். நான்காம் நாள் கை ஜம்மென்று மேலே போகிறது. நேற்று பரணிலிருந்து துணி மூட்டையை நானே இறக்கினேன்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். ஆபீஸ் வேலை என்றால் டீயிலேயே வயிற்றை நிரப்பிவிடுவீர்கள், எனக்குத் தெரியும்.

உங்கள்
தையலம்மா


மார்ச் 28

அன்புள்ள தையலம்மாவுக்கு,

அக்கா பதவி கிடைத்ததில் மகிழ்ச்சி. இங்கே கொடுத்திருக்கும் பதவியைவிட அது பெரியது.

என் அறை மூன்றாவது மாடியில் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் எதிர் ஆபீஸின் ஜன்னல். நோயாளிகள் யாரும் வருவதில்லை, அட்டவணைகள்தான் வருகின்றன. ஒவ்வொரு சிகிச்சை மையத்திலும் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேருக்கு வைரஸ் அடங்கியிருக்கிறது என்று கட்டம் கட்டமாக வரும். நன்றாக இருந்தால் பச்சை, மோசம் என்றால் சிவப்பு. நம் மையம் முழுக்கப் பச்சையாக இருப்பதைப் பார்த்து நிம்மதியாக இருந்தது.

சின்ன டாக்டரிடம் கொஞ்சம் பொறுமையாக இருங்கள். நான் வந்த புதிதில் எப்படி இருந்தேன் என்று உங்களுக்குத் தெரியாது. அப்போது நீங்கள் வரவில்லை. வந்திருந்தால் எனக்கும் ஏதாவது பெயர் வைத்திருப்பீர்கள். வேறெங்காவது காட்டினால், அவர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.

தோள் வலி போனது நல்ல சேதி. சுவரில் விரலால் மெல்ல மெல்ல மேலே ஏறும் பயிற்சியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

பத்து நிமிடத்தில் கூட்டம் இருக்கிறது. அவசரக் கடிதத்தை மன்னிக்கவும்.

அன்புடன்
உங்கள் அக்கா டாக்டர்


மே 17

அன்புள்ள அக்காவுக்கு,

கடை முதலாளி உங்கள் கடிதத்தைக் கையில் கொடுத்து, "அக்கா கையெழுத்து டாக்டர் கையெழுத்து மாதிரில்ல இருக்கு" என்றார். நான் குனிந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டேன்.

உங்களுக்கு ஒரு அதிசயம் சொல்ல வேண்டும். நான் குண்டாகிவிட்டேன்! இந்த நோய் வந்த நாளிலிருந்து என் கன்னத்தில் எலும்பைத்தானே பார்த்திருக்கிறீர்கள்? இப்போது முகம் உருண்டை. எதிர்வீட்டுக்காரி, "மருமக நல்லா கவனிக்கிறா போலிருக்கு, மெருகேறிட்டீங்க" என்கிறாள். மருமகளுக்கும் ஒரே பெருமை. பதினாறு வருஷமாக, முகத்தைப் பார்த்தே யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்று பயந்து பயந்து நடந்தவள் நான். இந்த இரண்டு மாதமாக நிமிர்ந்து நடக்கிறேன். உண்மையைச் சொன்னால் கண்ணாடியைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்க்கிறேன்.

சின்ன டாக்டரும் எடையைப் பார்த்துவிட்டு "வெரி குட்" என்றார். வைரஸ் அளவு வழக்கம்போல அடங்கித்தான் இருக்கிறதாம். சர்க்கரை மட்டும் ஏறியிருக்கிறது என்று ஒரு மாத்திரை சேர்த்தார். வயசாகிறதில்லையா?

ஆனால் எனக்குள் ஒன்று இடிக்கிறது. சொன்னால் சிரிப்பீர்கள். புது ரவிக்கைக்கு என்னையே அளவெடுத்தேன். இடுப்பு நான்கு இன்ச் கூடியிருக்கிறது. கைச்சுற்று முக்கால் இன்ச் குறைந்திருக்கிறது. டேப்பை இரண்டு தடவை வைத்துப் பார்த்தேன். இருபத்தைந்து வருஷமாக ஊர்ப் பெண்களை அளக்கிறேன், பெருப்பவர்களுக்குக் கையும் சேர்ந்துதான் பெருக்கும். இந்த மாதிரி அளவு நான் பார்த்ததே இல்லை.

கழுத்துக்குப் பின்னால் ஒரு திண்டு மாதிரி சதை வைத்திருக்கிறது. எங்கே இடித்துக்கொண்டேன் என்று தெரியாமலே கையில் நீலம் நீலமாக இருக்கிறது. மெஷின் ஸ்டூலிலிருந்து எழுந்திருக்க மேசையைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. பஸ் படி ஏற முடியவில்லை. குண்டானால் இப்படித்தான் இருக்குமா?

தோள் மறுபடி கொஞ்சம் முனகியதால் ஏப்ரல் நடுவில் இரண்டாவது ஊசி போட்டுக்கொண்டேன். இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி மூன்றாவது போட வரச் சொல்லியிருக்கிறார்.

நீங்கள் ஒரு வரி எழுதினால் போதும், மனசு அடங்கிவிடும்.

உங்கள்
தையலம்மா


மே 22

அன்புள்ள தையலம்மாவுக்கு,

இந்தக் கடிதத்துக்கு முன்னாலேயே சிஸ்டர் கடைக்கு வந்திருப்பார். தபாலை நம்பிக் காத்திருக்க முடியாது என்று உடனே அவருக்குப் போன் செய்தேன். சின்ன டாக்டருக்கும் செய்தேன். அவர் பேசிய தொனியில் அவ்வளவு சந்தோஷம் தெரியவில்லை. பரவாயில்லை.

மூன்றாவது ஊசி வேண்டாம். எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம்.

விஷயம் இதுதான். ஆறு வருஷத்துக்கு முன் உங்களுக்குப் பழைய மருந்து கேட்காமல் போனதால் மாற்றினோமே, அந்த மாத்திரைக்குள் ரிட்டோனாவிர் என்று ஒன்று இருக்கிறது. கல்லீரலை மந்தமாக்குவதுதான் அதன் வேலை. அப்போதுதான் கூட இருக்கும் மருந்து சீக்கிரம் கரைந்து போகாமல் உடம்பில் தங்கும். தோளுக்குப் போடுவது பெரும்பாலும் ஸ்டீராய்டு ஊசி. மற்றவர்களுக்குச் சில வாரத்தில் அது கரைந்துவிடும். உங்கள் கல்லீரல் அதையும் கரைக்காமல் வைத்துக்கொண்டிருக்கிறது. முகம் உருண்டது, சர்க்கரை ஏறியது, தொடை தளர்ந்தது எல்லாம் அதனால்தான் இருக்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. ஸ்டீராய்டு போன்ற ஒரு சத்தை உடம்புக்கு இயல்பாகச் சுரக்கும் சுரப்பி ஒன்று சிறுநீரகத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. வெளியிலிருந்தே இவ்வளவு வந்தால் அது வேலையை நிறுத்திவிடும். அந்த நேரத்தில் ஒரு காய்ச்சலோ வாந்தியோ வந்தால் உடம்பு தாங்காது. அதனால் நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். எச்.ஐ.வி. மாத்திரையையும்தான். அதைச் சட்டென்று நிறுத்தினால், தேங்கியிருக்கும் ஸ்டீராய்டு மளமளவென்று கரைந்து நிலைமை இன்னும் மோசமாகும். காலை எட்டு மணிக்கு ஒரு ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். சின்ன டாக்டரிடம் சொல்லியிருக்கிறேன்.

இத்துடன் ஒரு துண்டுச் சீட்டு வைத்திருக்கிறேன். எந்த டாக்டரும் பார்த்தவுடன் புரிந்துகொள்வார். பர்ஸிலேயே வையுங்கள். தலை சுற்றினாலோ வாந்தி வந்தாலோ நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் இதைக் காட்டுங்கள். அங்கே பக்கத்தில் யார் நின்றாலும் சரி, மருந்தின் பெயரைச் சொல்லிவிடுங்கள். இதை உங்களிடம் கேட்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும்.

உங்கள் இன்ச் டேப் பிடித்ததை எங்கள் எடை மெஷின் பிடிக்கவில்லை.

அன்புடன்
உங்கள் டாக்டர்


ஜூன் 19

அன்புள்ள டாக்டர் அம்மாவுக்கு,

பிழைத்திருக்கிறேன். இதை முதல் வரியிலேயே எழுதிவிடும்மா என்று மகன் சொன்னான்.

நீங்கள் போன் செய்த அன்று மத்தியானம் சிஸ்டர் கடைக்கு வந்து ரவிக்கை அளவு கொடுப்பதுபோல நின்றுகொண்டே எல்லாவற்றையும் காதில் சொன்னார். நானும் சும்மா இருக்கக் கூடாதே என்று அளவெடுத்தேன். மறுநாள் மையத்துக்குப் போனேன். சின்ன டாக்டர் முகம் சிவந்திருந்தது. "ஹெட் ஆபீஸ்ல இருந்து போன் பண்ணி எனக்கு வைத்தியம் சொல்லித் தர்றாங்க" என்றார்.  ஆனாலும் பரிசோதனைக்குச் சீட்டு எழுதினார். "எலும்பு டாக்டர்கிட்ட என்ன ஊசின்னு எழுதி வாங்கிட்டு வாங்க" என்றும் சொன்னார். ஸ்டீராய்டுதான், இரண்டு முறையும்.

ரத்தம் கொடுத்த அன்றே காய்ச்சல் ஆரம்பித்தது. முடிவு வருவதற்கு முன்னால், மூன்றாம் நாள் காலை, பாத்ரூமிலிருந்து வெளியே வந்தவள் அப்படியே சரிந்துவிட்டேன். மகன் வேலைக்குப் போயிருந்தான். மருமகள்தான் ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். என் தலை அவள் மடியில் இருந்தது. வழி முழுக்க "அத்தை, கண்ணை மூடாதீங்க, என்னைப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

அங்கே இருந்த டாக்டர் பெண்பிள்ளை, களைத்துப் போயிருந்தாள். "காய்ச்சல், வாந்தி, அவ்வளவுதான். ஒரு பாட்டில் ஏத்திட்டு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறாங்களா?" என்றாள்.

மருமகள், "சுகர் மாத்திரை மட்டும்தான்" என்றாள்.

டாக்டர் எழுதிக்கொண்டு நகரப் போனாள்.  இந்த ஒரு நொடியில் வாயைத் திறக்காவிட்டால் எல்லோரிடமும் நல்ல பெயரோடு போய்ச் சேரலாம் என்றுகூடத் தோன்றியது. அப்புறம், இவ்வளவு நாள் மாத்திரை தின்றது இதற்கா என்று ஆத்திரமாக வந்தது. "இல்லம்மா. எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. ரிட்டோனாவிர் சாப்பிடுறேன். பர்ஸ்ல சீட்டு இருக்கு" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மருமகளுக்குக் கேட்டுவிட்டது. என் தலையைத் தாங்கியிருந்த கை ஒரு கணம் இறுகியது. ஆனால் எடுக்கவில்லை. பர்ஸைத் திறந்து சீட்டை எடுத்துக் கொடுத்ததும் அவள்தான்.

டாக்டர் படித்தாள். ஓடினாள். அரை மணியில் ஊசி ஏறியது. சாயங்காலம் எழுந்து உட்கார்ந்தேன். என்னைக் கவிழ்த்த அதே வகைச் சரக்கைத்தான் அளந்து ஏற்றினார்களாம். உங்கள் வைத்திய சாஸ்திரம் எனக்குப் புரியவே போவதில்லை.

மறுநாள் மத்தியானம் சின்ன டாக்டர் வந்தார். மையத்தில் அத்தனை பேரை உட்கார வைத்துவிட்டு வந்திருக்கிறார். கையில் ரத்த முடிவு. அந்தச் சுரப்பி கிட்டத்தட்ட வேலையே செய்யவில்லையாம். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவ்வளவு நேரம் அவர் என் முகத்தைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"ஊசி போடலாமான்னு நீங்க என்கிட்ட கேட்டீங்க இல்ல?"

"கேட்டேன் சார்."

"நான் என்ன சொன்னேன்?"

"ஒண்ணும் ஆகாதுன்னீங்க."

தலையை ஆட்டினார். பேனாவைத் திறந்தார், மூடினார். அப்புறம் என் காலைத் தொட்டுப் பார்த்து, எழுந்து நிற்கச் சொல்லி, கைநீலத்தை எல்லாம் எண்ணி எழுதிக்கொண்டு போனார். அன்று சாயங்காலம் உங்களுக்குப் போன் செய்தாராமே? எச்.ஐ.வி. மாத்திரையை உடனே மாற்றிவிடலாம் என்று அவர் இருந்ததும், முதலில் சுரப்பிக்கு மாத்திரை கொடுத்துத் தாங்கிப் பிடியுங்கள், பழைய பரிசோதனைகளை எல்லாம் பார்த்துவிட்டு அப்புறம் மாற்றலாம் என்று நீங்கள் தடுத்ததும் சிஸ்டர் சொல்லித் தெரியும்.

மருமகள் நான்கு நாள் பேசவில்லை. வேளைக்கு வேளை சாப்பாடு வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை. ஐந்தாம் நாள் துணி மடித்துக்கொண்டே, "சொன்னா உங்க தட்டைத் தனியா வச்சிடுவேன்னு நினைச்சீங்களா அத்தை?" என்றாள்.

"ஆமாம்மா."

இன்னொரு துணியை மடித்து வைத்துவிட்டு, "வச்சிருப்பேனோ என்னமோ, எனக்கே தெரியலை" என்றாள். அந்த உண்மை எனக்குப் பிடித்திருந்தது. என்னை அவள் மன்னித்துவிட்டாள். மகனைத்தான் இன்னும் மன்னிக்கவில்லை. அவன் பாடு திண்டாட்டமாக இருக்கிறது.

உங்கள்
தையலம்மா


ஜூலை 3

அன்புள்ள தையலம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து மார்ச் மாதக் கடிதத்தை எடுத்தேன்.

அதில் நீங்கள் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள்: மூட்டுக்குள் ஒரு ஊசி என்று. நான் என்ன பதில் எழுதினேன் தெரியுமா? நல்ல சேதி என்று எழுதினேன். உங்கள் மாத்திரை எனக்குத் தெரியும், அந்த ஊசி என்னவாக இருக்கும் என்றும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று அந்த ஒரு நிமிடத்தை நான் கொடுக்கவில்லை. சின்ன டாக்டருக்குத் தெரியாது, தெரியாமல் சொன்னார். எனக்குத் தெரிந்திருந்தது. இரண்டாவது ஊசியை நான் தடுத்திருக்கலாம்.

உங்களுக்கு நான் சொல்லாத ஒன்று உண்டு. உங்களை நச்சரித்தேனே ஒரு கேள்வி, அது எனக்கு எப்படி வந்தது என்று. பன்னிரண்டு வருஷத்துக்கு முன், அச்சகத்தில் வேலை செய்த ஒருவர் நம்மிடம் வந்துகொண்டிருந்தார். இதே மருந்துதான் அவருக்கும். மூச்சிரைப்புக்காக எங்கேயோ ஒரு ஸ்ப்ரே வாங்கி உறிஞ்சிக்கொண்டிருந்தார், அதுவும் ஸ்டீராய்டு. நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. முகம் உருண்டையாகிக்கொண்டே வந்தது. "பாத்தீங்களா, மருந்து வேலை செய்யுது" என்று வார்டில் எல்லோர் முன்னாலும் அவரைப் பாராட்டியவள் நான்தான். ஒரு நிமோனியாக் காய்ச்சலில் இரண்டே நாளில் போய்விட்டார். ஏன் போனார் என்று எனக்குப் புரியவில்லை. ஒரு வாரம் புத்தகங்களோடு உட்கார்ந்து கண்டுபிடித்தேன்.

அதற்குப் பிறகு ஒருவரைக்கூட அந்தக் கேள்வி கேட்காமல் விட்டதில்லை. ஆனால் ஏன் கேட்கிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. வெட்கம். எந்தப் பதிவேட்டிலும் எழுதவில்லை. மாற்றலானபோது பீரோச் சாவி, நோயாளிகள் பட்டியல், மருந்து இருப்பு எல்லாவற்றையும் கையெழுத்து வாங்கி ஒப்படைத்தேன். அந்தக் கேள்வியை மட்டும் என்னோடு எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். 'டாக்டர் அம்மா மாதிரி வருமா' என்று நீங்கள் எல்லோரும் சொன்னபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எனக்குப் பின்னால் வருகிறவருக்கு எதையும் விட்டுவைக்காததால்தான் அப்படிச் சொன்னீர்கள் என்று இப்போது தோன்றுகிறது.

இங்கே அட்டவணையில் இந்த மூன்று மாதமும் நீங்கள் பச்சைதான். வைரஸ் அடங்கியிருந்தது, எடை கூடியிருந்தது. நீங்கள் பாத்ரூம் வாசலில் விழுந்த நாளிலும் பச்சை.

புதன்கிழமை மதியம் ஒரு மணி நேரம் எல்லா மையத்து டாக்டர்களும் போனில் ஒன்றுகூடி, புரியாத நோயாளிகளைப் பற்றிப் பேச அனுமதி கேட்டிருக்கிறேன். "இது எந்தக் கட்டத்தில் வரும்?" என்று மேலதிகாரி கேட்டார். எந்தக் கட்டத்திலும் வராது என்றேன். யோசிக்கிறார்.

ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் புகார் எழுதலாம். எழுதினால் இந்த மேசைக்குத்தான் வரும். நான் அமுக்கமாட்டேன். எழுதுவதானால் என்னையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்
உங்கள் டாக்டர்


செப்டம்பர் 11

அன்புள்ள டாக்டர் அம்மாவுக்கு,

பதில் போட இரண்டு மாதம் ஆகிவிட்டது. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குப் பழையபடி கோபம் வந்தது. அச்சகத்துக்காரரை நினைத்தும் வந்தது. அவர் வீட்டில் யாருக்காவது காரணம் சொன்னீர்களா? நீங்கள் எழுதவில்லை. சொல்லியிருக்க மாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன்.

பத்து நாள் பேசாமல் இருந்துவிட்டு, புகாரை எழுதினேன். மருமகள் எழுத்துப்பிழை பார்த்தாள். எழுதி முடித்ததும், ஒருவரைப் பற்றி அவர் முதுகுக்குப் பின்னால் அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. நேரே மையத்துக்குப் போய்ச் சின்ன டாக்டர் முன்னால் வைத்தேன்.

"இதை அனுப்பப் போறேன் சார். படிச்சுப் பாருங்க. தப்பா எழுதியிருந்தா சொல்லுங்க."

வெளியே பெஞ்ச் நிறைய ஆட்கள். அவர் நிதானமாக இரண்டு பக்கமும் படித்தார். நான் எதிர்பார்த்தது வேறு. "ஒரு வரி விட்டுப்போச்சு" என்றார். "'கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்'னு சேருங்க." பேனாவையும் அவரே கொடுத்தார். சேர்த்தேன்.

அந்தப் புகாரை இத்துடன் வைத்திருக்கிறேன். உங்கள் பெயரும் இருக்கிறது. நீங்கள் சொன்னதற்காகச் சேர்க்கவில்லை, நடந்ததால் சேர்த்தேன். யாருக்கும் தண்டனை கேட்கவில்லை. வேறெங்கே காட்டினீர்கள், என்ன ஊசி, என்ன ஸ்ப்ரே என்ற கேள்வியை ஒவ்வொரு மையத்திலும் ஒவ்வொரு தடவையும் கேட்டு எழுதவேண்டும் என்று உத்தரவு போடச் சொல்லியிருக்கிறேன். என்ன மருந்து சாப்பிடுகிறேன் என்பதற்கு ஒரு அட்டையும் கேட்டிருக்கிறேன். நோயின் பெயர் இல்லாமல், மருந்தின் பெயர் மட்டும் போட்டுத் தரவேண்டும். எலும்பு டாக்டர் முன்னால் எனக்கு வாய் வராமல் போனது என் தப்புதான். ஆனால் என்னைப் போல வாய் வராதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

உடம்பு தேவலை. சுரப்பிக்கான மாத்திரையைச் சின்ன டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறார். போன மாதம் எச்.ஐ.வி. மருந்தையும் மாற்றிவிட்டார், ரிட்டோனாவிர் இல்லாதது. முகம் வற்றிக்கொண்டு வருகிறது. எதிர்வீட்டுக்காரி, "என்ன இப்படி இளைச்சிட்டீங்க" என்று உச்சுக் கொட்டுகிறாள். மருமகள் அவளுக்குப் பதில் சொல்வதில்லை, கதவைச் சாத்திவிடுகிறாள்.

உங்கள் மேலதிகாரி ஒருவழியாக அனுமதி கொடுத்து, போன புதன்கிழமை உங்கள் போன் கூட்டம் நடந்தது. நீங்கள் வேறு மையத்தைப் பார்வையிடப் போயிருந்ததால் கேட்டிருக்க மாட்டீர்கள். அதனால் எழுதுகிறேன். சின்ன டாக்டர் முதல்நாளே, "உங்களைப் பத்திப் பேசலாமா? பேர் சொல்ல மாட்டேன்" என்று அனுமதி கேட்டார். நானும் உட்கார்ந்து கேட்பேன் என்றேன். யோசித்துவிட்டுச் சரி என்றார்.

மேசைமேல் போனை வைத்து ஸ்பீக்கரைப் போட்டார். "நாற்பத்தொன்பது வயசுப் பெண், தையல் வேலை" என்று ஆரம்பித்தார். வேறு யாரையோ பற்றிச் சொல்வது போல இருந்தது. எடை, சர்க்கரை, நீலம், என் இன்ச் டேப் அளவுவரை சொன்னார். நடுவில் யாரோ ஒரு பெரிய டாக்டர் குறுக்கிட்டு, "பேஷன்ட் உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருந்தா தடுத்திருக்கலாம். இவங்க சொல்ல மாட்டாங்க, அதான் பிரச்சினை" என்றார்.

நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். சின்ன டாக்டர் என்னைப் பார்த்தார்.

"சொன்னாங்க சார். போடலாமான்னு கேட்டாங்க. எனக்குத் தெரியலை. தெரியலைன்னு சொல்லத் தோணலை. போட்டுக்கோங்கன்னு சொல்லிட்டேன்."

 எத்தனை டாக்டர்கள் அந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது. எல்லோரும் போய்விட்டார்களோ என்றுகூட நினைத்தேன். அப்புறம் ஒரு பெண் குரல், ரொம்ப மெதுவாக, "என்கிட்ட ஒருத்தர் வர்றார். இதே மருந்து. மூக்கடைப்புக்கு ஸ்ப்ரே போடுறார்னு போன மாசம் சொன்னார். கன்னம் வச்சிருக்கு, நான் நல்லதுன்னு நினைச்சேன். அவர் போன் நம்பர் ஃபைல்ல இருக்கணும். நான் இப்பவே கூப்பிட்டுட்டு வர்றேன்" என்றது. நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். மணி ஆகிவிட்டது, சின்ன டாக்டர் போனை வைக்கவில்லை. வெளியே ஆட்கள் கதவைத் தட்டினார்கள். அதற்கும் எழுந்திருக்கவில்லை.

இனிமேல் மருந்து விஷயத்தை உங்களுக்கு எழுதப்போவதில்லை. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சின்ன டாக்டரிடம் சொல்லிவிட்டு, சரிதானா என்று உங்களிடமும் கேட்டால் அவர் எப்போது கற்றுக்கொள்வார்? வேறு விஷயம் எழுத எவ்வளவோ இருக்கிறது. நீங்களும் எழுதுங்கள், வீட்டு முகவரிக்கே.

அந்த மூக்கு ஸ்ப்ரே ஆள் போனை எடுத்தாராம். நாளைக்கே வருகிறேன் என்றாராம்.

உங்கள்
தையலம்மா